நாலாவது தடவை

கதை எழுதுகிறவனுக்குக் கண் கூர்மை என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை நானும் இருபது வருஷமாகக் கெடுக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது என்னைக் காட்டி, "இவர் எதிரே ஜாக்கிரதையாகப் பேசு, எல்லாவற்றையும் கவனித்துக் கதையில் எழுதிவிடுவார்" என்று சொன்னால், மறுக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பேனே தவிர, மறுக்க மாட்டேன். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்தில், என் அக்காள் மகன் கேட்ட ஒரு கேள்வியில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

"எதைப் பார்த்தீங்க, மாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேள்வி.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஓஹையோ மாகாணத்தில் இருக்கிறாள். 2022 டிசம்பரில் அத்தான் காலமானார். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. விசா, டிக்கெட், கைக்காசு எல்லாம் கூடி வந்து நான் போய் இறங்கியபோது ஜூன் மாதம் பாதி ஆகிவிட்டது. வாசலில் அக்கா மட்டும் நின்றாள்.

"பையன் எங்கேக்கா?" என்றேன்.

"கோருக்குப் போயிருக்கான். ஆகஸ்டிலேதான் வருவான்."

அக்கா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சாதாரணமாகப் படவில்லை. அப்பா கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. தாயாரை இவ்வளவு பெரிய வீட்டில் ஒண்டியாக விட்டுவிட்டு, இருபத்தொரு வயசுப் பிள்ளை பேண்டு வாசிக்க ஊர் ஊராகப் போயிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? வாய் திறந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு தினுசு உண்டு அல்லவா? இரவில் எங்கிருந்தோ, ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவன் பேசும்போது, "சௌக்கியமா? சரி, அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்று இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்வேன்.

இந்த வித்தைக்கு அங்கே 'டிரம் கோர்' என்று பெயர். நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்துப் பேண்டை மனசில் வைத்துக்கொண்டு இதை நினைத்தால் ஏமாந்து போவோம். பெரிய குழு என்றால் நூற்றைம்பது பேருக்கு மேல். ஊதுகிற பித்தளை வாத்தியங்கள், உடம்பில் மாட்டிக்கொண்டு அடிக்கிற முரசுகள், மைதானத்தின் முகப்பில் நிறுத்தி வைத்து வாசிக்கிற மரிம்பா போன்றவை, கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் வீசிப் பிடிக்கிற ஆட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, நூறு கஜ நீளமுள்ள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஒரு காட்சி நடத்துவார்கள். வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும், ஓட வேண்டும், சில இடங்களில் பின்பக்கமாகவே ஓட வேண்டும். கோடை முழுவதும் அந்த ஒரே காட்சிதான். பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. இரவில் பஸ் பிரயாணம். போய்ச் சேர்ந்த ஊரில் ஏதாவது பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தின் தரையில் படுக்கை. இதற்காகக் கூலி கிடையாது. பிள்ளைகள்தான் பல ஆயிரம் டாலர் கட்டிச் சேருகிறார்கள். இருபத்திரண்டு வயசு ஆகிவிட்டால் இடம் கிடையாது.

பழைய நாளில் யுத்தத்துக்குப் போய் வந்தவர்களின் சங்கங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆதரித்து வளர்த்தது இது. 1971-ல் 'டிரம் கோர் இண்டர்நேஷனல்' என்ற அமைப்பு ஏற்பட்டு, 1972-ல் விஸ்கான்சின் மாகாணத்து வொயிட்வாட்டரில் தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்திற்று. இப்போது வருஷந்தோறும் ஆகஸ்டில் இண்டியானாபோலிஸில், கூரை போட்ட ஒரு பிரம்மாண்டமான மைதானத்தில் நடக்கிறது.

அங்கேதான் அக்காவும் நானும் போய் உட்கார்ந்தோம். அவன் குழுவின் முறை வந்தது. முதல் ஊதலிலேயே என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வட்டம் சதுரமாயிற்று, சதுரம் உடைந்து இரண்டு பாம்புகளாக நெளிந்தது, பாம்புகள் ஒன்றை ஒன்று ஊடுருவிக்கொண்டு போயின. கொடிகள் ஒரே சமயத்தில் மேலே போய் ஒரே சமயத்தில் இறங்கின. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அத்தனை பேரும் ஒரே உடுப்பு. எங்கள் பையன் எவன் என்றும் தெரியவில்லை. நடுவில் நீண்ட ஒரு வளைவு உருவானபோது, அதில் ஓர் இடத்தில் மட்டும் விட்டுப் போயிருந்தது. "அதோ பார் அக்கா, பல் விழுந்த மாதிரி இருக்கு. யாரோ தப்பா நிக்கிறான்" என்றேன். அக்கா பதில் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்து, பஸ்கள் நிற்கிற இடத்தில் அவனைப் பார்த்தோம். வேர்த்து விறுவிறுத்து, கன்னத்தில் எலும்பு தெரிய, வெயிலில் கறுத்துப் போயிருந்தான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். நான், "பிரமாதம்!" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே!

"எதைப் பார்த்தீங்க, மாமா?" என்றான் ஆவலாக.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான். "எல்லாத்தையுந்தான்" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எல்லாத்தையும் பார்த்தேன் என்கிறவன் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர்கள் குழு இறுதிச் சுற்றுக்குப் போகிற பன்னிரண்டில் வரவில்லை. அவனுக்கு வயசு வரம்பு முடிந்துவிட்டதால், அதுவே அவன் வாசித்த கடைசிக் காட்சி.

வீட்டுக்கு வந்த மறுநாளே அக்கா அந்தக் காட்சியின் பதிவைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு விதமான பதிவு இருந்தது. ஒன்று, மேலே உயரத்திலிருந்து மைதானம் முழுவதையும் அசையாமல் எடுத்தது. இன்னொன்று, கிட்டே போய் முகங்களையும் கைகளையும் காட்டுவது. மரியாதைக்காக நானும் உட்கார்ந்தேன்.

அந்த இரண்டாம் தடவையில்தான் கால்களைப் பார்த்தேன். சாதாரணமாக நாம் நடப்பதுபோல அவர்கள் நடக்கவில்லை. முன்னால் போகும்போது குதிகால் முதலில் படுகிறது. விரல் நுனி மேலே பார்க்கிறது. பிறகு பாதம் ஒரு சக்கரம் போல உருண்டு தரையில் படிகிறது. பின்னால் போகும்போது குதிகால் தரையைத் தொடுவதே இல்லை. ஏன் என்று பையனைக் கேட்டேன். "மேல் உடம்பு ஆடக் கூடாது மாமா. உடம்பு ஆடினா உதடு ஆடும். உதடு ஆடினா சத்தம் ஆடும்" என்றான். ஐந்து கஜத்துக்கு எட்டு அடி என்பது கணக்கு. அதாவது அடிக்கு 22½ அங்குலம். இதைக் கண்ணால் பார்த்து நடக்க முடியாது. கால் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இவ்வளவும் எதற்காக? பார்க்கிறவன் காலைப் பார்க்காமல் இருப்பதற்காக. நானும் மைதானத்தில் பார்க்கவில்லை. அந்த வகையில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

மூன்றாம் தடவை பார்க்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "பின்னாலே நிக்கிறவங்க கண்ணைப் பாருங்க" என்றான். எல்லாருடைய கண்ணும் ஓர் இடத்தில் நிலைத்திருந்தது. எதிரே மேடைமேல் நின்று கையசைக்கிற 'டிரம் மேஜர்' கையில். ஆனால் முன்பக்கத்து மரிம்பாக்காரர்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, பின்னாலிருந்து வருகிற முரசைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் சொன்னான். சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. நூறு கஜம் என்பது 91 மீட்டர். மைதானத்தின் ஒரு கோடியில் அடித்த அடி மறு கோடிக்குப் போய்ச் சேர வினாடியில் கால் பாகத்துக்கு மேல் ஆகும். வேகமான காலத்தில் அதற்குள் அடுத்த தட்டே வரப் போகிறது. ஆகவே, எல்லாரும் தம் காதை நம்பி வாசித்தால் கேட்பவனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். முரசுக்கு முன்னால் இருக்கிறவன் காதை நம்ப வேண்டும். முரசுக்குப் பின்னால் இருக்கிறவன் தன் காதை நம்பவே கூடாது. கையை மட்டும் பார்க்க வேண்டும். காதில் விழுகிறது ஒன்று, செய்கிறது ஒன்று. அப்படிச் செய்தால்தான் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேரும்.

அவன் வாசித்தது பாரிடோன் என்ற வாத்தியம். டிரம்பெட்டுக்கும் கீழே, டியூபாவுக்கும் மேலே, நடுவில் நின்று நிரப்புகிற குரல். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஞாபகம் வந்தது. அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே தடவையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு பெண் மரத் துப்பாக்கியை மேலே வீசினாள். பிடிக்கத் தவறி, அது தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை. வெறுங்கையை, துப்பாக்கி இருந்தால் எப்படிச் சுழற்றுவாளோ அப்படியே சுழற்றிக்கொண்டு போனாள். முகம் மாறவில்லை. குறுக்கே வந்த டிரம்பெட்காரன் ஒருவன், கீழே பார்க்காமலேயே ஓர் அடியைக் கொஞ்சம் நீட்டி வைத்து அதைத் தாண்டிப் போனான். ஆட்டத்தின் போக்கிலேயே அவள் குனிய வேண்டிய கட்டம் வந்தது. குனிந்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள். இவ்வளவும் சில வினாடிகளில். மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்போம். எத்தனை பேர் கவனித்திருப்போமோ!

"இதுக்கு எவ்வளவு மார்க் போகும்?" என்று கேட்டேன். முன்காலத்தில், ஒரு தப்புக்குப் பத்தில் ஒரு பங்கு மார்க் என்று கழிப்பார்களாம். நடுவர்கள் பென்சிலும் அட்டையுமாக வரிசைகளுக்குள்ளேயே நடந்து, தப்புக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போவார்களாம். 1980-களில் அந்த முறை போய்விட்டது. இப்போது என்ன செய்ய முயன்றார்கள், எவ்வளவு தூரம் எட்டினார்கள் என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குள் சுருக்கென்றது. நானும் பென்சிலோடுதானே போயிருந்தேன்? நூற்றைம்பது பேர் நடந்ததில் எனக்குத் தானாகக் கண்ணில் பட்டது ஒரே ஒரு பல் விழுந்த இடம்தான்.

அன்று ராத்திரி அவன் ஒரு பழைய பதிவைப் போட்டுக் காட்டினான். 'ஸ்டார் ஆஃப் இண்டியானா' என்ற குழு 1993-ல் நடத்திய காட்சி. பெரிய மெட்டு கிடையாது. கைதட்டுக்காக வைத்த கட்டம் கிடையாது. பார்டோக், பார்பர் என்ற இருவருடைய கடினமான சங்கீதம், நீண்ட நீண்ட மௌனம், சிக்கனமான அசைவு. அந்தக் கோடையில் பல ஊர்களில் ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. கூச்சல் போட்டுக் கேலி செய்தவர்களும் உண்டு. மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் 97.3 மார்க் வாங்கி, பத்தில் ஒரு மார்க்கில் முதலிடத்தை இழந்தார்கள். அதோடு அந்தக் குழு போட்டிக்கே வரவில்லை. அவர்களுடைய வித்தை பிறகு 'பிளாஸ்ட்' என்ற மேடைக் காட்சியாக 1999-ல் லண்டனிலும், 2001-ல் நியூயார்க் பிராட்வேயிலும் நடந்து டோனி பரிசு பெற்றது. அன்று கேலி செய்யப்பட்ட அந்தக் காட்சியை இன்றைக்கும் பிள்ளைகள் பாடம் போல உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"நானே நாலஞ்சு தடவை பார்த்தப்புறம்தான் எனக்குப் பிடிச்சுது" என்றான். "முதல்லே எனக்கும் போர்."

அவன் தூங்கப் போனான். எட்டிப் பார்த்தேன். கட்டில் இருக்கும்போது தரையில் ஒரு துப்பட்டியை விரித்துப் படுத்திருந்தான். மூன்று ராத்திரியாக அப்படித்தான் படுத்திருக்கிறான் என்று அக்கா சொன்னாள். இரண்டு மாதம் பள்ளிக்கூடத் தரையில் படுத்த பழக்கம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதையும் நான் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலிருந்து எடுத்த பதிவை நானே போட்டேன். இது நாலாவது தடவை. இந்தத் தடவை அந்தப் பல் விழுந்த வளைவுக்காகக் காத்திருந்தேன். வளைவு வந்தது, காலி இடமும் வந்தது. நிறுத்தாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு சுழன்றது. காலி இடமும் சுழன்றது. வளைவு நிமிர்ந்து கோடாகி, கோடு பின்வாங்கி, இன்னொரு கோட்டுக்குள் புகுந்தபோது, காலி இடமும் பின்வாங்கி, எதிரே வந்தவர்களுக்கு இடையே புகுந்து வெளியே வந்தது. யாரும் அதில் கால் வைக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் நடந்தவர்கள் அந்த இரண்டு அடி அகலத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது தப்பு அல்ல. கடைசி நிமிஷம் வரைக்கும் ஓர் ஆள் அங்கே நடந்துகொண்டே இருந்தான், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அந்த இடத்துக்கு இடப்பக்கத்தில் நடந்தவனுடைய தோள் சாய்வைப் பார்த்ததும் அத்தானுடைய தோள் ஞாபகம் வந்தது. அது எங்கள் பையன்தான்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது கேட்டேன். பத்து நாளுக்கு முன்னால் பயிற்சியில் ஒருவனுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டதாம். நாள் இருந்தால் வேறு ஒருவனைப் பழக்கி நிறுத்துவார்கள். நாள் இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நகர்ந்து மூடியிருக்கலாமே?"

"மூடினா இடிச்சுக்குவோம், மாமா" என்றான்.

உள்ளே போய் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டு வந்தான். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தது. வேர்வையில் ஊறி அட்டை உப்பியிருந்தது. பக்கம் பக்கமாக எண்கள். எத்தனையாவது தட்டில் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடியில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவனும் தன் இடத்தைத் தன் கையால் எழுதி வைத்துக்கொள்வானாம். ஒருவன் நகர்ந்தால் அடுத்தவன் நகர வேண்டும். கடைசியில் எதிரே ஓடி வருகிறவன் எவன்மேலாவது மோதுவான். ஆகவே போனவன் இடம் போனவன் இடமாகவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் சொன்னது. அதில் தத்துவம் ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் எழுந்து போன பிறகு அக்காவிடம் சொன்னேன்: "அவன் ஜனவரியிலே நின்னுட்டிருந்தா வேறே ஆளை எடுத்திருப்பாங்களே, அக்கா."

"நிக்கிறேன்னுதான் சொன்னான்" என்றாள் அக்கா. "நான்தான் போகச் சொன்னேன். முதல் தவணையை அவர்தான் கட்டினாரு. நவம்பர்லே ராத்திரியோட ராத்திரியா நாலு மணி நேரம் காரோட்டி அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். அவர் போயிட்டார்னு இவனும் நின்னுட்டா, அப்புறம் எனக்கு இந்த வீட்டிலே என்ன இருக்கு?" சற்று நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தினம் ராத்திரி பஸ் ஏறினதும் கூப்பிடுவான். நான் தூங்கற வரைக்கும் பேசுவான். நீ பக்கத்து ரூமிலேதானே இருந்தே!" என்றாள்.

பக்கத்து அறையில்தான் இருந்தேன். இரண்டு மாதம் இருந்தேன். ஒரு நாளாவது, "அவன் ஏன் போனான்?" என்று கேட்டதில்லை. கேட்காமலேயே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்குக் கண் கூர்மை அல்லவா?

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மறுபடியும் அந்தப் பதிவைப் போட்டோம். வளைவு வந்ததும், "உன் வலது பக்கத்திலே யாரும் இல்லாம நீ நடந்ததைப் பார்த்தேன்" என்று, அவன் கேட்ட கேள்விக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதைப் பார்த்தீங்களா? அப்ப இதையும் பாருங்க" என்று எழுந்து போய்த் திரையின் இடது மூலையை, மைதானத்துக்கு வெளியே, விரலால் தொட்டுக் காட்டினான். சாமான் தள்ளுகிறவர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒரு பையன். ஒரு கால் தரையில் படவில்லை. வளைவு திரும்புகிற தட்டில் அவன் தோளும் திரும்புகிறது. கோடு பின்வாங்குகிற தட்டில் அவன் தலை பின்னால் போகிறது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லேருந்து போடு" என்றாள்.